‘புட் ஆஃப்’ என்று வந்தால் ஆர்டர் ரத்தா, தள்ளிவைப்பா? மாங்கூழ் மெயிலில் ஒரு சந்தேகம்

பர்கூர்_டாக்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். வெளிநாட்டுப் பார்ட்டி ஒருவர் அனுப்பிய மெயிலில் ‘புட் ஆஃப்’ மூன்று இடத்தில் வருகிறது. காலையிலிருந்து ஆபீசில் இதே பேச்சு.

முதல் வரி: ‘அவர் கஸ்டமர் வாஸ் ராதர் புட் ஆஃப் பை த கலர் ஆஃப் த லாஸ்ட் லாட்.’

அடுத்த பத்தியில்: ‘அஸ் அவர் ஸ்டோரேஜ் இஸ் ஃபுல், வி வில் ஹேவ் டு புட் ஆஃப் த செகண்ட் கன்டெய்னர் ஃபார் நௌ.’

கடைசியில்: ‘ப்ளீஸ் டோன்ட் புட் ஆஃப் செண்டிங் த லேப் ரிப்போர்ட்.’

எங்கள் மேனேஜர் முதல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, “கலர் பிடிக்கவில்லை, அதனால் இரண்டாவது கன்டெய்னரை ரத்து பண்ணிவிட்டான். சரக்கை வேறு பார்ட்டிக்குத் தள்ளிவிடு” என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று அவரிடம் விளக்கத்தான் தெரியவில்லை. அகராதியைத் திறந்தால் இந்த ஒரு சொல்லுக்கே அரைப் பக்கம் போகிறது. ஒரு கன்டெய்னருக்கு 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ. பதினேழு டன்னுக்கு மேல் வருகிற சமாச்சாரம் என்பதால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_பி_ஷிஃப்ட்:

ரத்து இல்லை. ரத்து என்றால் ‘கேன்சல்’ என்றோ ‘கால் ஆஃப்’ என்றோ எழுதியிருப்பார். ஓசூரில் ஸ்ட்ரைக் வாபஸ் ஆனால் ஆங்கிலப் பேப்பரில் ‘ஸ்ட்ரைக் கால்டு ஆஃப்’ என்று வரும், பார்த்திருப்பீர்கள். ‘புட் ஆஃப்’ அப்படி இல்லை, தேதி மட்டும்தான் தள்ளிப்போகிறது. சரக்கை விற்றுத் தொலைக்காதீர்கள்.

தகடூர்_வாத்தியார்:

தம்பி, உங்கள் மேனேஜரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே மெயிலில் ஒரே சொல்லை இரண்டு பொருளில் எழுதியவர்மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது. அவருக்கு அது தாய்மொழிப் பழக்கம், எழுதும்போது கவனித்திருக்கவே மாட்டார்.

இப்படிப் பாருங்கள். எது ‘புட் ஆஃப்’ ஆகிறது என்று முதலில் கேளுங்கள். கன்டெய்னர், மீட்டிங், கல்யாணம், பரீட்சை போன்ற காரியமாக இருந்தால் தள்ளிப்போடுகிறார்கள். ஆளாக இருந்தால், அதிலும் அவருக்குப் பின்னால் ‘பை’ போட்டு ஒரு காரணமும் வந்தால், அந்த ஆளுக்கு மனம் விட்டுப்போயிற்று, முகம் சுளித்தார் என்று பொருள். முதல் வரியில் ‘புட் ஆஃப்’ ஆனவர் கஸ்டமர். கலரைப் பார்த்து அவருக்குப் பிடிக்காமல் போயிருக்கிறது. இரண்டாவதில் கன்டெய்னர். அதற்குக் காரணத்தையும் அவரே எழுதிவிட்டார், குடோனில் இடமில்லை. கலருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போதாக்குறைக்கு ‘ஃபார் நௌ’ என்று வேறு முடித்திருக்கிறார், ‘இப்போதைக்கு’ என்று. ரத்து செய்பவர் யாராவது இப்போதைக்கு ரத்து என்பாரா?

இந்தச் சொற்கள் நம்மை மட்டும் படுத்தவில்லை. 1755இல் வந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் இதைச் சொல்லிவிட்டார். வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றுகிற வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி, வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் இதில்தான் என்று எழுதினார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று பெயர் வைத்ததெல்லாம் ரொம்பப் பிற்பாடு.

ஆனால் தமிழனுக்கு இது புதுசு இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருப்பேன். உங்கள் மேனேஜர் சொன்ன ‘தள்ளிவிடு’வையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கைத் தள்ளிவிட்டால் கைமாறிப் போய்விடும். தள்ளிவைத்தால் குடோனிலேயே ஓரமாக இருக்கும். தள்ளிப்போட்டால் தேதி மாறும். தள்ளுபடி என்றால் கடையில் விலை குறையும், கோர்ட்டில் வழக்கே போய்விடும். ‘தள்ளு’ ஒன்றுதான், பின்னால் ஒட்டுவதை வைத்து அர்த்தம் எங்கேயோ போகிறது. இதை ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து நாம் கற்றுக்கொள்ளவில்லை.

கோர்ட்_வாசல்:

கோர்ட் பேச்சு வந்ததால் நானும் உள்ளே வருகிறேன். கிருஷ்ணகிரி கோர்ட் பக்கம் பத்திரம் எழுதுகிறேன். எங்களிடம் ‘புட் ஆஃப்’புக்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: வாய்தா. கேஸை வாய்தா போட்டுட்டாங்க என்றால் யாரும் கேஸ் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட மாட்டார்கள், அடுத்த தேதி என்ன என்றுதான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் தெலுங்கு. அதிலும் ‘வாயிதா வேயு’ என்போம், அந்த ‘வேயு’வும் போடுதான். உங்கள் மேனேஜரிடம் கன்டெய்னருக்கு வாய்தா என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

பர்கூர்_டாக்ஸ்:

சொன்னேன் சார். சிரித்துவிட்டு, “அப்போ வாய்தா தேதி எங்கே?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், மெயிலில் தேதி இல்லை. பதில் எழுதச் சொல்லியிருக்கிறார். நான் போட்ட வரைவு: ‘வி அண்டர்ஸ்டாண்ட் தட் யூ வான்ட் டு புட் ஆஃப் இட். ப்ளீஸ் அட்வைஸ் த நியூ டேட்.’ இது சரியா?

அரூர்_டியூஷன்:

‘புட் ஆஃப் இட்’ வராது தம்பி. ‘புட் இட் ஆஃப்’ என்று எழுதுங்கள்.

சரக்கின் பெயரைச் சொல்லும்போது இரண்டு மாதிரியும் எழுதலாம். ‘புட் ஆஃப் த ஷிப்மென்ட்’, ‘புட் த ஷிப்மென்ட் ஆஃப்’ இரண்டும் சரி. பெயருக்குப் பதிலாக ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும், வேறு வழியே இல்லை. பேசிப் பார்த்தால் காதுக்கே தெரியும், ‘புட் இட் ஆஃப்’ என்னும்போது அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழும். அதே சமயம் ‘த செகண்ட் கன்டெய்னர் ஆஃப் தோத்தாபுரி பல்ப் ஃப்ரம் த ஜூன் லாட்’ என்று ரயில் மாதிரி நீளமாக இருந்தால் நடுவில் திணிக்காதீர்கள். ‘ஆஃப்’ கடைசியில் வந்து சேர்வதற்குள் படிப்பவருக்கு ‘புட்’ மறந்துபோகும்.

எல்லா ஃப்ரேசல் வெர்பும் இப்படிப் பிரியும் என்றும் நினைக்க வேண்டாம். ‘லுக் ஆஃப்டர்’ பிரியாது, ‘லுக் ஆஃப்டர் இட்’தான். எது பிரியும் எது பிரியாது என்று மாணவர்களுக்கான அகராதிகளில் பார்க்கலாம். நடுவில் ‘சம்திங்’ போட்டு அச்சிட்டிருந்தால் பிரியும். சில அகராதிகளில் இருபக்க அம்புக்குறி போட்டிருப்பார்கள். பிள்ளைகள் யாரும் அதைக் கவனிப்பதில்லை, நேராகப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள்.

மூன்றாவது வரியை யாரும் தொடவில்லையே? ‘டோன்ட் புட் ஆஃப் செண்டிங்’. ஒரு வேலையைச் செய்வதைத் தள்ளிப்போடாதே என்று சொல்லும்போது அந்த வேலை ‘இங்’ சேர்ந்துதான் வரும். ‘புட் ஆஃப் டு செண்ட்’ என்று எழுதக் கூடாது. லேப் ரிப்போர்ட்டை நாளைக்கு நாளைக்கு என்று இழுக்காதீர்கள் என்கிறார். அதை முதலில் அனுப்புங்கள்!

ஓசூர்_பி_ஷிஃப்ட்:

அக்கா சொல்வது இலக்கணப்படி சரி. ஆனால் நான் ஒன்று சொல்லட்டுமா? ஆபீஸ் மெயிலில் இந்தச் சொற்களையே தொடக் கூடாது. எங்கள் கம்பெனியில் ஜப்பான்காரரும் ஜெர்மன்காரரும் அதே மெயிலில் இருப்பார்கள். ‘போஸ்ட்போன்’ என்று எழுதினால் மூன்று பேருக்கும் ஒரே அர்த்தம். ‘புட் ஆஃப்’ என்று எழுதினால் ஆளுக்கொன்று.

தகடூர்_வாத்தியார்:

நாம் எழுதும்போது உங்கள் யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். நமக்கு வருகிற மெயிலுக்கு என்ன செய்வது? அவர்கள் நம்மைக் கேட்டு எழுதுவதில்லையே.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ‘போஸ்ட்போன்’ லத்தீனிலிருந்து வந்தது. அதில் ‘போஸ்ட்’ என்பது பின்னால், ‘போனெரே’ என்பது வை, போடு. பின்னால் போடு! ஆக அதுவும் உள்ளுக்குள் ‘புட்’தான், கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

பென்னாகரம்_பஸ்:

ஒரு இடக்குக் கேள்வி வாத்தியாரே. ஆள் என்றால் முகம் சுளிப்பு என்றீர்கள். ‘ஹி புட் மி ஆஃப்’ என்று ஒருவர் எனக்கு எழுதினார். பணம் கேட்டுப் போனவரை எதிராளி ஏதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிய கதை அது. அதில் முகம் சுளிப்பு எங்கே?

தகடூர்_வாத்தியார்:

சரியாகப் பிடித்தீர்கள். அதுவும் உண்டு. கடன் கேட்டு வந்தவரை ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்பினால் ஆளையே தள்ளிப்போடுவதாகத்தானே அர்த்தம்? அதனால்தான் ‘பை’ வந்தால் என்று ஒரு வாலையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த ‘பை’யிலும் ஒரு கண் வையுங்கள். ‘புட் ஆஃப் பை டூ வீக்ஸ்’ என்றால் இரண்டு வாரம் தள்ளிவைப்பு. ‘புட் ஆஃப் பை த ஸ்மெல்’ என்றால் நாற்றம் தாங்காமல் விலகுவது. பின்னால் காலக் கணக்கு வருகிறதா, குணம் வருகிறதா என்று பார்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

பென்னாகரம்_பஸ்:

அப்படியானால் பர்கூர் தம்பியின் மேனேஜர் வாடகை கேட்டு வரும் லாரிக்காரரை ‘புட் ஆஃப்’ செய்வார் என்றும் சொல்லலாம். 😀

பர்கூர்_டாக்ஸ்:

அதைச் சொன்னால் என் வேலையை ‘கால் ஆஃப்’ செய்துவிடுவார் அண்ணே.

அரூர்_டியூஷன்:

ஆளை வேலையைவிட்டு அனுப்புவதற்கு ‘கால் ஆஃப்’ வராது. ‘லே ஆஃப்’ என்று சொல்லுங்கள்.

ஓசூர்_பி_ஷிஃப்ட்:

அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது அக்கா, ஓசூரில் இருப்பவர்களுக்கு இது சாப்பாட்டு விஷயம். அமெரிக்கக் கம்பெனி ‘லெய்டு ஆஃப்’ என்று அறிவித்தால் இப்போதெல்லாம் வேலை போயிற்று என்றுதான் அர்த்தம். நம் ஊர் 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் ‘லே ஆஃப்’ வேறு, ‘ரிட்ரென்ச்மென்ட்’ வேறு என்றுதான் இருந்தது. நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, கச்சாப்பொருள் வரவில்லை, மெஷின் உடைந்துவிட்டது என்று தொழிலாளிக்குத் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாமல் போனால் அது லே ஆஃப். ஆள் மஸ்டர் ரோலில், அதாவது கம்பெனியின் ஆள் பதிவேட்டில்தான் இருப்பார். தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்ததில் பாதி நஷ்டஈடாகக் கிடைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. ஆளையே குறைத்தால்தான் ரிட்ரென்ச்மென்ட்.

வண்டி விற்பனை படுத்த சமயங்களில் ஓசூர் சிப்காட் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ‘லே ஆஃப்’ என்று ஒட்டுவார்கள். இரண்டையும் கலந்துகொண்டு வீட்டில் வேலையே போய்விட்டது என்று சொல்லிவிட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். நோட்டீஸை முழுசாகப் படித்தால் எத்தனை நாள் என்று தேதியே போட்டிருக்கும்.

கோர்ட்_வாசல்:

கவர்ன்மென்ட் ஆபீஸிலும் ஒன்று உண்டு. கலெக்டர் ஆபீஸில் எதைக் கேட்டாலும் ‘ஃபைல் புட் அப் பண்ணியாச்சு’ என்பார்கள். மேலதிகாரி பார்வைக்கு வைத்தாயிற்று என்று அர்த்தம். லண்டனில் போய் ‘ஐ புட் அப் த ஃபைல்’ என்றால் சுவரில் மாட்டினாயா என்று கேட்பான். ‘ஐ புட் ஹிம் அப்’ என்றால் வீட்டில் தங்க இடம் கொடுத்தேன் என்று ஆகிவிடும்.

ஓசூர்_பி_ஷிஃப்ட்:

திரும்ப மெயிலுக்கே வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் இரண்டாவது வரியிலேயே நிற்கிறீர்கள். குவாலிட்டியில் இருப்பவன் கண்ணுக்கு முதல் வரிதான் ஆபத்து. ‘ராதர் புட் ஆஃப்’ என்பது மரியாதையாகச் சொன்ன புகார். சிலர் கோபத்தையும் இப்படி ஒரு ‘ராதர்’ போட்டு மெல்லத்தான் சொல்வார்கள். எங்களிடம் இப்படி ஒரு வரி வந்தால் காரணம் கண்டுபிடித்து, திருத்த நடவடிக்கை என்னவென்று தனியாக ரிப்போர்ட்டே போட வேண்டும். நீங்கள் கன்டெய்னருக்கு மட்டும் பதில் எழுதிவிட்டுக் கலரைப் பற்றி வாயே திறக்காவிட்டால், தள்ளிவைத்த கன்டெய்னர் நிஜமாகவே ரத்தாகும்.

பர்கூர்_டாக்ஸ்:

இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. புரொடக்ஷனில் கேட்டேன். பார்ட்டிக்கு முன்பு போனது அல்போன்சா, கடைசி லாட் தோத்தாபுரி, அதாவது நம்ம பெங்களூரா. அல்போன்சா போல ஆரஞ்சு நிறம் இதில் வராது, மஞ்சளாகத்தான் இருக்கும். கூடுதலாகச் சூடுபட்டாலும் கூழ் பழுப்பு தட்டும், அதனால் அந்த லாட்டின் பதிவையும் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த லாட்டிலிருந்து எடுத்து வைத்த சாம்பிளும் இருக்கிறது.

சரக்கைப் பற்றிக் கவலை இல்லை. கிருமி நீக்கி அசெப்டிக் பையில் அடைத்தது, குளிரூட்டாமலே ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும். கன்டெய்னர் தள்ளிப்போனால் கெட்டுவிடாது.

புது வரைவு போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

‘வி ஆர் சாரி யுவர் கஸ்டமர் வாஸ் நாட் ஹேப்பி வித் த கலர். வி ஆர் செக்கிங் த லாட் அண்ட் வில் செண்ட் அவர் ஃபைண்டிங்ஸ். வி நோட் தட் த செகண்ட் கன்டெய்னர் இஸ் போஸ்ட்போன்ட், நாட் கேன்சல்டு. ப்ளீஸ் கன்ஃபர்ம், அண்ட் டெல் அஸ் த நியூ டேட். த லேப் ரிப்போர்ட் இஸ் அட்டாச்டு.’

அரூர்_டியூஷன்:

அருமை. ‘போஸ்ட்போன்ட், நாட் கேன்சல்டு’ என்று இரண்டையும் வைத்தது நல்லது. அப்படியே அனுப்புங்கள். ஒரு ஃப்ரேசல் வெர்ப் கூட இல்லை, ஓசூர் தம்பிக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பென்னாகரம்_பஸ்:

அக்கா, பன்னிரண்டாவது படிக்கும் என் தங்கைக்காகக் கேட்கிறேன். ஆங்கிலப் பேப்பரில் ஃப்ரேசல் வெர்ப் கேட்கிறார்கள். கைடில் பட்டியல் இருக்கிறது, மனப்பாடம் செய்தாலும் மறந்துவிடுகிறது என்கிறாள்.

அரூர்_டியூஷன்:

‘புட்’டுக்கு ஒரு பக்கம், ‘கெட்’டுக்கு ஒரு பக்கம் என்று இருக்கிற பட்டியலை மூடி வைக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே முகமாக இருந்தால் எப்படி நிற்கும்? ஒரு சமயத்தில் ஒன்று போதும். அவள் வாழ்க்கையில் நடந்ததை வைத்து எழுதட்டும். மழையால் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள், ஸ்போர்ட்ஸ் டே ரத்தாயிற்று, ஹாஸ்டல் சாம்பார் வாசனையில் சாப்பிடவே பிடிக்கவில்லை. மூன்று வாக்கியத்தில் இந்த இழையே அடங்கிவிடும். அப்புறம் ஒவ்வொன்றிலும் ‘இட்’ போட்டு மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாட்டுவது அங்கேதான்.

தகடூர்_வாத்தியார்:

‘புட் ஆஃப் த லைட்’ என்று எழுதினால் அடிப்பீர்களா மேடம்? 

அரூர்_டியூஷன்:

அடிக்க மாட்டேன் சார். விளக்கை அணைப்பதற்கு அப்படிச் சொல்கிற வழக்கம் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலேயே உண்டு. ஆனாலும் ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று எழுதச் சொல்வேன். பேப்பர் திருத்துகிறவர் என்ன நினைப்பார் என்று யாருக்குத் தெரியும்.

பர்கூர்_டாக்ஸ்:

எல்லோருக்கும் நன்றி, பதில் வந்துவிட்டது. ரத்து இல்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். ஆனால் புதுசாக ஒன்று: ‘லெட்ஸ் புஷ் இட் பேக் டு த திர்ட் வீக் ஆஃப் ஆகஸ்ட். வி மே பிரிங் இட் ஃபார்வர்ட் இஃப் ஸ்பேஸ் ஃப்ரீஸ் அப்.’

டிஸ்பாட்சில் இருக்கும் அண்ணனுக்கு வீட்டில் கன்னடம், தளி பக்கம். ‘ஃபார்வர்ட்’ என்றால் இன்னும் தள்ளிப்போகும் என்கிறார். மேனேஜர் ‘பேக்’ என்றால் பின்னோக்கி, அதாவது சீக்கிரம் என்கிறார். நான் வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டுக் குடோன்காரர், அங்கே சரக்கு ஃப்ரீஸ் ஆகிவிடுமா என்று பதறுகிறார்.

ஓசூர்_பி_ஷிஃப்ட்:

டிஸ்பாட்ச் அண்ணன் மேல் தப்பில்லை. கன்னடத்தில் ஒத்திவைப்பதற்கு ‘முந்தூடு’ என்பார்கள், முன்னால் தள்ளு என்று. எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுவார்கள். ஆங்கிலத்தில் தலைகீழ். மீட்டிங்கையோ ஷிப்மென்ட்டையோ ‘புஷ் பேக்’ செய்தால் தாமதம், ‘பிரிங் ஃபார்வர்ட்’ செய்தால் சொன்ன தேதிக்கு முன்பே. நாம் ‘ப்ரீபோன்’ என்போமே, அது.

தகடூர்_வாத்தியார்:

ஆமாம். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் என்று வைத்திருக்கிறார், இடம் கிடைத்தால் அதற்கு முன்பே கேட்பார். ஆகவே டிரம், லேபிள், பேப்பர் எல்லாம் ஆகஸ்ட் முதல் வாரத்துக்கே தயாராக இருக்கட்டும்.

குடோன்காரரிடம் சொல்லுங்கள், அது ஐஸ் ஃப்ரீஸ் இல்லை. ‘ஃப்ரீ’ என்பதன் வினை, எழுத்தே வேறு. அவர்கள் குடோனில் இடம் காலியானால் என்று அர்த்தம்.